வாழைத்தண்டில் போட்ட ஊசி

3 மே 1971, திங்கள்

நாற்பத்தொரு சளி ஸ்லைடு. சாயம் ஏற்று, கழுவு, காயவை, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வை, எண்ணு, எழுது. நான்கு வருடமாக இதே. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் நான் லேப் டெக்னீஷியன் அசரியா. வார்டில் எனக்குப் பெயர் சளிக்காரன்.

மத்தியானம் பேப்பரில் ஒரு விளம்பரம். கால்நடை ஆய்வாளர் பயிற்சி. அரசாங்கம் நடத்துவது, பதினோரு மாதம், முடித்தால் ஏதாவது ஒரு மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்த ஆளாக வேலை. பி.யு.சி. போதும். வயது இருபத்தைந்துக்குள். எனக்கு ஆகஸ்டில் இருபத்தைந்து முடிகிறது. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு தடவை மனுப் போட்டேன். இரண்டு தடவையும் கெமிஸ்ட்ரி மார்க் காலை வாரியது. டாக்டராக முடியாது, சரி. மாட்டைத் தொடுகிறவனாகவாவது ஆகலாமே.

லேபுக்குப் பின்னால் கினிப்பன்றிக் கூண்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர் லீவு போட்டால் நான்தான் தீனி வைப்பேன், எடை பார்ப்பேன், செத்தால் அறுத்துப் பார்ப்பேன். அந்த நாட்களில் மட்டும் வீட்டுக்கு வரும்போது யாரையும் அடிக்க வேண்டும் போல இருப்பதில்லை.

4 மே

மனு அனுப்பிவிட்டேன். ஆபீஸ் கிளார்க் பட்டுவிடம் வாய் தவறிச் சொன்னேன். "வெட்னரியா? வெட்டி, நரி. ரெண்டும் உங்களுக்குப் பொருந்துது சார்" என்றான். சாயங்காலத்துக்குள் நர்சுகள் வரை போய்விட்டது.

9 மே, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபைச் செயலர் சுவிசேஷமுத்து சார் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரிடம் என்னைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். கையில் வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். நவீன கால்நடை விஞ்ஞான இன்ஸ்டிட்யூட். நம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி ரோட்டில் ஒரு மைல். பிரின்சிபால் ஏகநாதன் மாலை போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் சிரிக்கிறார். இரண்டாம் பக்கத்திலும் அவரே.

"ரெண்டு வருஷம், டிப்ளமா. கவர்ன்மெண்ட் குடுக்கறது வெறும் சர்டிபிகேட். இது டிப்ளமா" என்றார் சார்.

அப்பா அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். டிப்ளமா. அவர் ரயில்வே ஆபீசில் இருபத்தெட்டு வருடம். ஹெட் கிளார்க். போர்டில் பெயர் வெறும் ஐசக். அவருக்குக் கீழே இருக்கும் பையன்கள் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.காம். என்று வால் நீளும். எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல்தான் வந்தது.

"இது அங்கீகாரம் பெற்றதா சார்?" என்று கேட்டேன்.

"பெறப் போவுது."

"பெறப் போறதுக்கும் பெற்றதுக்கும் வித்தியாசம் இல்லியா?"

அம்மா சமையலறையிலிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினாள். தங்கை கிருபாவைப் பெண் கேட்டு வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து போயிருக்கிறது. அண்ணன் என்ன செய்கிறார் என்று அவர்கள் கேட்டார்களாம். அண்ணன் மாட்டுக்குக் காம்பவுண்டராகப் போகிறார் என்று சொல்வதா, டிப்ளமா படிக்கிறார் என்று சொல்வதா. இதுதான் வீட்டின் பிரச்சினை. என் பிரச்சினையை யாரும் கேட்கவில்லை.

15 மே, சனி

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன்.

வாசல் போர்டில் பசு, எருமை, ஆடு, குதிரை எல்லாம் வரைந்து, கீழே 'இலவச சிகிச்சை' என்று எழுதியிருக்கிறது. உள்ளே போய்த் தேடினேன். ஒரு ஆடு இருந்தது. அது வாட்ச்மேனுடைய ஆடு.

வகுப்பில் இருபது பேர், வெள்ளைக் கோட்டு. மேஜையில் வாழைத்தண்டு அடுக்கி, வரிசையில் நின்று அதில் ஊசி போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். வாழைத்தண்டு உதைக்காது. வாழைத்தண்டு சாணி போடாது. ஒருவனைக் கேட்டேன்: "மாட்டுக்கு ஜுரம் இருந்தா தெர்மாமீட்டரை எங்கே வெப்பே?"

"நாக்குக்கு அடியில சார்."

தெர்மாமீட்டரை மாடு மென்று விழுங்கிவிடும்டா. ஆசனவாயில் வைக்க வேண்டும் என்று கினிப்பன்றிக்குத் தீனி வைக்கிற எனக்கே தெரிகிறது.

ஏகநாதனின் அறைக்குப் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை மாடு வரும் என்றேன். "முதல் வருஷம் தியரி தம்பி" என்றார். இரண்டாம் வருஷம் என்றேன். "அட்வான்ஸ்டு தியரி." சொல்லும்போது முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை.

20 மே

பீர்க்கன்கரணை போய் தனசிங்கைப் பார்த்தேன். ஸ்கூலில் ஒரே பெஞ்சு. அரசுப் பயிற்சி முடித்து மூன்று வருடம் ஆகிறது, தர்மபுரிக்கு அப்பால் போட்டிருக்கிறார்கள், லீவில் வந்திருக்கிறான். தேறுதலாக ஏதாவது சொல்வான் என்று போனேன்.

"போவாத மச்சான். பதினோரு மாசம் சாணி அள்ள வெப்பான். அப்புறம் பஸ்ஸே வராத ஊர்ல போடுவான். வேலை பூரா நாம செய்யணும், கையெழுத்து டாக்டருது. மாடு பொழைச்சா டாக்டர் கைராசி. செத்தா இன்ஸ்பெக்டர் கொன்னுட்டான்."

"கத்துக் குடுக்கறாங்களா, இல்லியா?"

"எவன் குடுக்கறான். நாமளா பாத்துக்கறதுதான். மாடு நெறைய வரும், அவ்ளோதான்."

மாடு நிறைய வரும். அவன் குறையாகச் சொன்னான். எனக்கு அது ஒன்று போதும்.

24 மே, திங்கள்

நேர்முகத் தேர்வு அட்டை வந்துவிட்டது. ஜூன் 10, செங்கல்பட்டு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அசல் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

டிரங்குப் பெட்டியில் புத்தகம் இல்லை. ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்கிறது, என் அம்மைக்குத்து சீட்டுகூட இருக்கிறது. புத்தகம் இல்லை.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே கேட்டேன்.

"இன்ஸ்டிட்யூட்ல குடுத்திருக்கேன். சீட் போயிடும்னார் சுவிசேஷமுத்து. ஒரிஜினல் குடுத்தாத்தான் ரிசர்வ் பண்ணுவாங்களாம்."

"என்னைக் கேட்டீங்களா?"

"உன்னைக் கேட்டா இல்லேம்பே."

பிறந்த தேதிக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. மார்க்குக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. உலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதை முன்பின் தெரியாத ஒருத்தன் பீரோவில் வைத்துவிட்டு வந்திருக்கிறார், ஹெட் கிளார்க். ஆபீசில் ஒரு துண்டுக் காகிதத்துக்கு மூன்று கையெழுத்து வாங்குகிறவர். ரசீது வாங்கினீர்களா என்றேன். மரியாதையாக இருக்காது என்று கேட்கவில்லையாம்.

சாப்பிடவில்லை. தட்டை நகர்த்தின சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

25 மே

ஏகநாதன்: "அட்மிஷன் ஆயிடுச்சே தம்பி. புத்தகம் பத்திரமா இருக்கு. ரெண்டு வருஷம் முடிச்சுட்டு டிப்ளமாவோட சேர்த்து வாங்கிக்கலாம்."

நான் சேரப் போவதில்லை என்றேன்.

"அதை உங்க ஃபாதர் வந்து சொல்லணும். குடுத்தவர் அவர்."

அப்பாவிடம் சொன்னேன். "நான் போய்ச் சொல்லமாட்டேன்" என்றார். ஜெபம் செய்கிற குரலில் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

29 மே

மறுபடி போனேன். பீரோ சாவி ஊருக்குப் போயிருக்கிறதாம்.

1 ஜூன்

சாவி இன்னும் ஊரிலேயே.

4 ஜூன், வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு மறுபடி இன்ஸ்டிட்யூட் போனேன். இன்று அவர்களுக்கு ஆண்டு விழா. நாலு மணிக்கு யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று வாசலில் வளைவு கட்டி, சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வளைவுக்கு நேராக எல்லம்மா தன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற எல்லம்மா. எருமைக்கு இடது பக்க வயிறு முரசு மாதிரி உப்பியிருந்தது. வாயில் நுரை.

"நேத்து சத்திரத்துல கண்ணாலம். சோறு மீந்துபோச்சுன்னு அண்டாவோட குட்த்தாங்கோ. நல்ல சோறுதான் சாமி, நெய்யி ஊத்துனது. நாந்தான் வெச்சேன். பாவம் துன்னட்டும்னு வெச்சேன்." போர்டைக் காட்டினாள். "மாடு போட்டுகீதே. பாருங்க சாமி."

ஏகநாதன் வெளியே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு போன் பேச வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். வெள்ளைக் கோட்டுப் பையன்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். இரண்டாம் வருஷத்துப் பையன் ஒருவன் மட்டும் நல்லெண்ணெய் பாட்டில் கொண்டுவந்தான். புகட்டினால் வாயு இறங்கும் என்று நோட்டில் இருக்கிறதாம். அருகில் போகப் பயப்பட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு" என்றேன். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கினேன். நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டேன், வாய் நன்றாகத் திறக்கட்டும் என்று. "ஊத்து" என்றேன். ஊற்றினான். எருமை இருமியது. மூக்கு வழியாக எண்ணெய் வந்தது. "இன்னும் ஊத்து" என்றேன்.

இன்னும் ஊத்து என்று நான்தான் சொன்னேன்.

முன்கால் மடங்கிற்று. சரிந்து வளைவின் காலில் மோதி விழுந்தது. சீரியல் பல்பெல்லாம் ஆடின. பத்து நிமிஷம்கூட இல்லை. எல்லம்மா அழவில்லை. மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ஏகநாதன் வந்தார். நாலு மணிக்கு விழா, வாசலில் பிணம். பையன்களைப் பார்த்து இழுத்துப் போடுங்கள் என்றார். ஒருத்தன் அசையவில்லை. செத்த மாட்டைத் தொடுவதற்கா டிப்ளமா படிக்கிறோம் என்று ஒருவன் சொல்லியே விட்டான். வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். எருமைக்கு இரண்டு பேர் போதாது.

நான் சொன்னேன்: "நான் இழுக்கறேன். புத்தகத்தைக் குடுங்க."

சாவி ஊரில் என்றார்.

"அப்ப மாடு இங்கே."

ஐந்து நிமிஷத்தில் சாவி வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்துதான் வந்தது.

புத்தகத்தைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு குனிந்தபோது எல்லம்மா என்னைப் பார்த்தாள். "எம் மாட்டு மேலயா தம்பி பேரம் பேசுன?" என்றாள். கால்களில் கயிறு கட்டி, பலகை சாய்த்து, மூன்று பேரும் வண்டியில் ஏற்றினோம். அவள் வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்தேன். பேண்ட் முழுக்கச் சாணியும் எண்ணெயும். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"இந்த வீட்ல ஒருத்தனாவது பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து போடுவான்னு நெனச்சேன்."

"போட்டுக்கோங்க. என் பேருக்குப் பின்னால மா, டு. ரெண்டு எழுத்துதான்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

5 ஜூன்

தனசிங்கிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினான்.

"நாக்கை இழுத்துப் புடிச்சா மாடு எப்படிடா முழுங்கும்? எண்ணெய் நேரா நுரையீரலுக்குத்தான் போவும். எந்த மடையன் புடிச்சான்?"

"நான்."

"சோறு துன்ன மாடு அது. இடுப்பு எலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவுல குத்தி வாயுவை எறக்கியிருக்கணும். குத்தியிருந்தா பொழைச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். அப்பவும் செத்திருக்கலாம். ஆனா மூச்சடைச்சு செத்திருக்காது" என்றான்.

வாழைத்தண்டுப் பையன்களைப் பார்த்துச் சிரித்தேனே. அவர்கள் வாழைத்தண்டில் போட்டார்கள். அதனால் ஒரு வாழைத்தண்டும் சாகவில்லை.

நான்கு வருடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எப்படி வந்தது எனக்கு? பார்க்கத் தெரிந்தால் செய்யத் தெரியும் என்று எவன் சொன்னான்?

6 ஜூன், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எல்லம்மா வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் வெறும் கயிறு கிடந்தது.

"நாக்கைப் புடிச்சது நான். அப்படிப் புடிச்சதாலதான் எண்ணெய் நுரையீரலுக்குப் போச்சு" என்றேன்.

"நாந்தான் பாத்துகினு இருந்தனே."

"எனக்குத் தெரியல எல்லம்மா."

"அந்தப் பசங்களுக்குந்தான் தெரியல. அவுங்கோ தெரியாதவங்கோ மாரி தூர நின்னாங்கோ. நீ தெரிஞ்சவன் மாரி தள்ளுன்னியே." முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போ தம்பி. வேலகீது."

10 ஜூன், வியாழன்

செங்கல்பட்டு. ஏழு மணி வண்டி. மூன்று அதிகாரிகள். புத்தகத்தைப் புரட்டினார்கள். எருமைக்கு ஊற்றின எண்ணெய் அட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு ஊறியிருக்கிறது. என்ன கறை என்று கேட்கவில்லை.

நடுவில் இருந்தவர்: "லேப் வேலை சுத்தமான வேலையாச்சே. மாட்டுக்கு மருந்து புகட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். தப்பாப் புகட்டத் தெரியும்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். எப்படி என்றார் ஒருவர். சொன்னேன். நாக்கைப் பற்றி, எண்ணெய் பற்றி, இன்னும் ஊத்து என்று சொன்னது பற்றி. பேரம் பேசினதை மட்டும் சொல்லவில்லை. நடுவில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்து நின்றபோது, போச்சு, இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன் நான்.

28 ஜூன்

தேர்வாகிவிட்டேன். ஜூலை 5 சேர வேண்டும். அம்மா ஜெபம் செய்தாள். கிருபா என் துணிகளை மடித்தாள். அப்பா பேப்பர் படித்தார். முதல் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எல்லம்மா இப்போது எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுவதில்லை. பால் டிப்போவில் கிருபா வரிசையில் நிற்கிறாள். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

19 ஜூலை

தனசிங் சொன்னதெல்லாம் உண்மை. ஐந்தரைக்குச் சாணி. வகுப்பு எடுக்கிறவர் பழைய நோட்டைப் பார்த்து வாசிக்கிறார். சந்தேகம் கேட்டால் முறைக்கிறார். இரண்டு தடவை வெளியே நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். வெளியேதான் மாடுகள் இருக்கின்றன.

2 ஆகஸ்ட்

இன்று மருந்து புகட்டினேன். தலை கிடைமட்டமாக, நாக்கு அதன் வாயிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் தொண்டை அசைவதைப் பார்த்துவிட்டு அடுத்தது. ஒரு பாட்டிலுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சீக்கிரம் முடி என்று பின்னால் கத்தினார்கள். முடிக்கவில்லை.

11 செப்டம்பர்

கிருபா கடிதம். வேலூர்க்காரர்கள் மறுபடி கேட்டார்களாம். "கவர்ன்மெண்ட் டிரெயினிங்" என்று மட்டும் சொன்னாராம் அப்பா. எதில் என்று கேட்பதற்குள் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டாராம்.

30 நவம்பர்

குதிரை உதைத்தது. விலாவில் நீலம். ஒரு வாரம் சிரிக்கக் கூடாது என்றார் டாக்டர். சிரிக்கிற ஆளா நான்.

3 ஏப்ரல் 1972, திங்கள்

ஈஸ்டர் லீவு. நேற்று ஆராதனை முடிந்ததும் யாரோ பரப்பிவிட்டார்கள்: ஐசக் சார் பையன் வந்திருக்கிறான், மாடு பார்ப்பான். இன்று காலை ஏழு மணிக்கே வாசலில் ஒரு கன்று, இரண்டு ஆடு, கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர்.

முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே அப்பா குரல். விரட்டப் போகிறார் என்று துண்டோடு ஓடினேன்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, அட்டையில் ஆபீஸ் காகிதம், காதில் பென்சில்.

"எத்தனை நாளா பேதி?"

"மூணு நாளா சார்."

"மூணு." எழுதினார். "சாணம் என்ன நிறம்?"

"வெள்ளையா கீது சார்."

"வெள்ளைன்னா எப்படி வெள்ளை? பால் மாதிரியா, சுண்ணாம்பு மாதிரியா? சரியாச் சொல்லும்மா. அவன் காபி குடிச்சுட்டு வருவான், அதுக்குள்ள நான் எழுதி வைக்கணும்."

என்னைப் பார்த்ததும் காகிதத்தை நீட்டினார். கன்றுக்கு ஒரு பத்தி, ஆடுகளுக்கு ஒவ்வொரு பத்தி, வரிசை எண் போட்டு. கீழே கையெழுத்துக்கூடப் போட்டிருந்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு கன்றைப் பார்க்கப் போனேன்.

எல்லம்மா வரவில்லை. கடன் இல்லாமல் ஒரு கிடாரிக் கன்று வாங்கியிருக்கிறாள், அதற்குக் கழுத்துக்குக் கீழே வீக்கம் என்று கோழிக் கிழவர் சொன்னார்.

மாலை நானே போனேன். கொட்டகைக்கு வெளியே நின்றேன். உள்ளே கன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. எல்லம்மா தவிட்டு வாளியைக் கலக்கிக்கொண்டே, "இன்னா" என்றாள்.

"கன்னுக்குட்டியைப் பாக்கலாமா?"

வாளியைக் கலக்கி முடித்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். என்னையும் என் பையையும் பார்த்தாள். தெரியுமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால், எது தெரியும், எது தெரியாது என்று இரண்டையும் சொல்லியிருப்பேன்.

"கைய கழுவிகினு வா" என்றாள்.